பதிவு செய்யப்படாத பயணி

"மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவன் தேடி அலைந்தது வேகத்தை அல்ல, பாதுகாப்பை. அந்த நெடிய தேடல் எங்கள் வாசலில் நிறைவடைகிறது."

வேன் கம்பெனியின் குளுவாங் சர்வீஸ் சென்டரின் முன்சுவரில் பளிங்குப் பலகையில் இப்படிப் பொறித்திருந்தார்கள். அதற்குக் கீழே சாதாரணக் காகிதத்தில் இன்னொரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: "பலகை தளர்ந்துள்ளது. அடியில் நிற்க வேண்டாம்."

கனகசபை இரண்டையும் படித்தார். அடியில் நிற்காமல் உள்ளே போனார். எழுதி ஒட்டியிருப்பதற்குக் கட்டுப்படுவது அவருடைய குடும்ப வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ஜொகூருக்குக் கப்பலேறி வந்த தாத்தா ரயில்வே. அப்பா ரயில்வே. அவரும் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் பச்சைக்கொடி காட்டியே நரைத்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்திய காகிதம் பொய் சொல்லும் என்ற எண்ணம் அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எவருக்கும் வந்ததில்லை.

அவர் கொண்டுவந்த முறையீடு சின்னது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் வசந்தினி வாங்கிக் கொடுத்த 'பூர்ணாமா' என்ற ஏழு இருக்கை வேன், ஓடிக்கொண்டிருக்கும்போதே இடப்பக்க ஸ்லைடிங் கதவைத் தானாகத் திறக்கிறது. அந்தக் கதவோரத்து இருக்கைதான் வெளியே திரும்பி, தாழ்ந்து, ஆளை ஏற்றிக்கொள்ளும். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துபோன அவர் மனைவி கமலாம்பிகை வேறு எந்த இருக்கையிலும் ஏற முடியாது என்பதால்தான் அந்த வேனையே வாங்கினார்கள். வாரம் இருமுறை அவளைக் குளுவாங்கிற்குக் கைப்பயிற்சிக்குக் கூட்டிப் போகவேண்டும். விரல்கள் மெல்ல அசையத் தொடங்கியிருந்தன. இப்போது விட்டால் பிறகு வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதல் தடவை நடந்தது ஒரு மழைவிட்ட மாலை. லாயாங் லாயாங்கைத் தாண்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே போகிற ரோட்டில், பழைய ரயில்வே கேட் இருந்த இடம் வரும். புது இரட்டை ரயில் பாதை போட்டபோது பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ரோட்டின் குறுக்கே ஒரு மேடு மட்டும் மிச்சம். வேன் அந்த மேட்டில் ஏறி இறங்கியது. உள்ளே 'டிங்' என்று மரியாதையாக ஒரு மணியோசை. கதவு அவசரமே இல்லாமல், யாரோ பார்த்துப் பார்த்துத் தள்ளுவதுபோலத் திறந்தது. ஈர மட்டையின் வாடை உள்ளே வந்தது. மரங்களின் வரிசை கமலாம்பிகையின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, மறுபடி 'டிங்' என்று சொல்லி, கதவு தானே மூடிக்கொண்டது.

கமலாம்பிகை பின்னாலிருந்து நிதானமாகச் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ. ஆரோ இறங்கினது."

சர்வீஸ் சென்டரில் அவரை எதிர்கொண்டவர் அக்பர். நல்ல மனிதர். எந்தக் கெட்ட செய்தியையும் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார். வேனைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். கதவு திறந்ததைக் கண்ணால் பார்த்தேனே என்றார் கனகசபை. அக்பர் மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி விதிப்படி, பழுது என்றால் அதற்கு ஒரு எண் இருக்கவேண்டும். கம்ப்யூட்டர் எண் தந்தால் பழுது. தராவிட்டால் அது வாடிக்கையாளரின் அனுபவம். அனுபவத்தைக் கழற்றி மாற்ற அவர்களிடம் ஸ்பேனர் இல்லை.

வேண்டுமானால் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். ஓட்டிப் பார்ப்பதற்கென்று கம்பெனி அங்கீகரித்த பாதை ஒன்று உண்டு. சென்டரின் பின்வாசலில் கிளம்பி, சென்டரைச் சுற்றி, முன்வாசலில் முடியும். தலைமையகத்திலிருந்து ஆள் வருவார்களென்று அதைப் போன மாதம்தான் வழவழவென்று தார் போட்டிருந்தார்கள். கதவு திறக்கவில்லை. அந்த மேட்டுக்கு வந்து பாருங்கள் என்று கனகசபை கெஞ்சியதால், சாப்பாட்டு நேரத்தில், சொந்த விருப்பத்தின்பேரில் அக்பர் கூட வந்தார். மேட்டில் ஏறியதும் 'டிங்'.

அக்பர் இரண்டு கையாலும் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு, திறந்த கதவுக்கு அந்தப்பக்கம் ஓடிய செம்பனைகளைப் பார்த்தார். சென்டருக்குத் திரும்பினார்கள். பிறகு, தான் பார்த்தது சாப்பாட்டு நேரம் என்பதால் கம்பெனி பார்த்ததாக ஆகாது என்று வருத்தத்தோடு சொன்னார்.

"கம்ப்யூட்டர் கூட வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் அங்கிள். நான் மட்டும்தானே லா வந்தேன்."

முறையீடு ஜொகூர் பாரு தலைமையகத்துக்குப் போயிற்று. அங்கே வாடிக்கையாளர் மனநிம்மதிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் பிரேமகுமார், கழுத்தில் கம்பெனிப் பட்டையில் அடையாள அட்டை தொங்க, கோட்டுப் போட்டுக்கொண்டு குளுவாங் வந்தார். கனகசபையையும் சக்கர நாற்காலியில் இருந்த கமலாம்பிகையையும் குளிர்ந்த அறையில் உட்காரவைத்துப் பேசினார். அவர் பேச்சு தெளிவாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடுவதுபோல ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது.

"அங்கிள், எங்க கதவு தானா திறக்காது. தானா திறக்கிற கதவை நாங்க செய்யவே இல்ல. அப்ப யாரோ திறந்திருக்காங்க. உங்க ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்துச்சு. ஆன்டிக்கு அந்தப் பக்கக் கை வராது. சரியா? அப்ப வண்டியில மூணாவதா ஒரு ஆள் இருந்திருக்காங்க. அதை நீங்க எங்ககிட்ட சொல்லல. நான் குத்தம் சொல்ல வரல. ஆனா மறைச்சது நாங்க இல்ல."

கனகசபை மன்னிப்புக் கேட்டார்.

பிரேமகுமார் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு, பதிவு செய்யப்படாத அந்தப் பயணி யார் என்று கேட்டார். கனகசபை மனைவியைப் பார்த்தார். அன்று மாலையிலிருந்து இருவருக்கும் தெரிந்திருந்தும் வாயால் சொல்லாத பெயர் அது.

"என்ட தம்பி. ராஜசேகரன்" என்றாள் கமலாம்பிகை. ஜொகூர் பாருவில் கஸ்டம்ஸ் ஆபீஸில் வேலை. சனிக்கிழமை மெயில் ரயிலில் அக்கா வீட்டுக்கு வருவான். ஸ்டேஷனில் இறங்கினால் சுற்றி நடக்கவேண்டும் என்று, கேட்டடியில் வண்டி வேகம் குறைகிறபோதே குதித்துவிடுவான். "எப்பவும் வண்டி நிக்க முன்னமே இறங்குவான். ஒரு தரம்தான் சரியா இறங்கேல்ல."

பிரேமகுமார் தன் தட்டுக்கணினியில் எழுதிக்கொண்டே, அவர் சீட் பெல்ட் போடுவாரா என்று விசாரித்தார்.

"தம்பி, அவன் செத்துப் போனவன்."

"பரவால்ல ஆன்டி. எங்க சிஸ்டத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

முடிவு ஒரு வாரத்தில் வந்தது, முத்திரையோடு. வேனில் குறைபாடு ஏதுமில்லை. கதவைத் திறந்தவர் ராஜசேகரன். வாடிக்கையாளர்கள் வண்டிக்குள் விட்டுவைக்கும் சொந்த உடைமைகளுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. பேய், கம்பெனியின் அசல் உதிரிபாகம் அல்ல என்பதால் உத்தரவாதத்தில் அடங்காது.

வேறு யாராயிருந்தாலும் காகிதத்தைக் கிழித்திருப்பார்கள். கனகசபை அதை நம்பினார். கையெழுத்துக்கு மேல் பதவிப் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அன்றிலிருந்து அவர் மேட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, "ராசா, கொஞ்சம் பொறு" என்று வாய்க்குள் சொல்லத் தொடங்கினார். பின்னிருக்கையைப் பார்க்கத் துணியாமல், பின்பக்கம் காட்டும் கண்ணாடியை வானம் தெரிகிற மாதிரித் திருப்பிவைத்தார். கதவு 'டிங்' என்று திறக்கும். மூடும். ஸ்டேஷனில் வண்டியை வழியனுப்புகிற பழக்கத்தில் அவர் கை தானாக உயரும்.

அவருடைய கைபேசிக்குக் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வேறு வந்தது. "அன்புள்ள ராஜசேகரன், இன்றைய பயணத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?" அவர் அதை மனைவியிடம் காட்டினார்.

"மூண்டு போடுங்கோ" என்றாள் அவள். "அவன் எதுக்கும் முழுசா மார்க் குடுக்கமாட்டான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை வேன் வாசலில் நின்றபோது நாற்காலியை நகர்த்தவிடவில்லை. சக்கரத்தை நல்ல கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். போன தடவை கதவு திறந்தபோது பெல்ட் இருந்தும் உடம்பு வெளிப்பக்கம் சரிந்ததையும், தார் ரோடு முகத்துக்கு நேரே வந்ததையும் அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னாள். உன் தம்பிதானே, உனக்கு ஒன்றும் செய்யமாட்டான் என்றார் கனகசபை.

"அவன் இறங்கினா இறங்கட்டும். எனக்கு அவனோட சேர்ந்து இறங்க விருப்பமில்லை."

அந்த வாரம் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. வாடகைக் கார் கூப்பிட்டால், ஓட்டுநர் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடுவார். அசையத் தொடங்கியிருந்த விரல்கள் மறுபடி உள்ளே மடங்கின. கனகசபை தினமும் காலையில் அந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். விட்டதும் மடங்கின. மகள் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு அழுதாள், பிறகு கம்பெனியைக் கூப்பிட்டுத் திட்டினாள்.

திட்டியதில் கம்பெனி மனமிரங்கிற்று. நல்லெண்ண அடிப்படையில் 'முழு மனநிம்மதித் திட்டம்' ஒன்றை அறிவித்தது: கம்பெனியின் பட்டியலில் உள்ள சாந்தி நிபுணரைக் கொண்டு வண்டியைச் சுத்திகரித்துத் தருவார்கள். பட்டியலில் இருந்தது ஒரே ஒருவர், பண்டார் தெங்காரா என்ற ஊரில். பெயர் கமலநாதன். முன்பு ஏர்கானுக்கு கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்.

கனகசபை அங்கே போனபோது ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. எல்லாம் பூர்ணாமா. எல்லாருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தகாத வியாதிக்கு மருந்து வாங்க வந்தவர்கள்போல நின்றார்கள். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. காஹாங் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவருக்குச் செத்துப்போன மாமியார். பள்ளிக்கூடத்தின் முன்னாலிருக்கும் வேகத்தடையில் இறங்குகிறாள் என்றார். உணவகம் வைத்திருக்கும் ஜெய்னுலாபுதீனுக்குப் பழைய பங்காளி. எதிர்க்கடை வாசலில் ரோடு குழிந்திருக்கும், சரியாக அந்த இடத்தில் கதவைத் திறந்துகொண்டு எதிர்க்கடைக்குப் போகிறார்.

"உயிரோட இருந்தப்பவும் அங்கதான் லா சாப்பிடுவாரு" என்றார் ஜெய்னுலாபுதீன், தாளமுடியாத கசப்போடு.

ஒவ்வொருவரிடமும் முத்திரை போட்ட காகிதம் இருந்தது. ஒவ்வொரு காகிதத்திலும் அவரவர் சொந்தக்காரர் இருந்தார். மேடு, தடை, குழி என்று எல்லாக் கதையிலும் ரோடு இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. காகிதத்தில் ரோடு இல்லை.

பிரேமகுமாரும் அக்பரும் வந்து சேர்ந்தார்கள். சடங்கு கம்பெனியின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு நடந்தது. பெட்ரோல் வண்டி அருகே நெருப்புக் கூடாது என்பதால் கமலநாதன் பேட்டரியில் எரியும் சூடத்தைச் சுற்றினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கினால் டயரின் உத்தரவாதம் போய்விடும் என்பதால், அதைச் சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி, சக்கரம் பார்க்கிற மாதிரி வைத்தார். பூசணிக்காய் உடைத்தால் வழுக்கும். ஆகவே பூசணிக்காயின் படம் ஒன்றைக் காட்டினார்.

அப்போது செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ரோட்டில் போயிற்று. தரை அதிர்ந்தது.

'டிங்' என்றது முதல் வேன். கதவு மெதுவாகத் திறந்தது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கு அடுத்தது. வரிசை முழுக்க, ஒன்றன்பின் ஒன்றாக, ஆளில்லாத வேன்களின் கதவுகள் அவசரமில்லாமல் திறந்துகொண்டே போயின. உள்ளே வெற்று இருக்கைகள். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் இருட்டிலிருந்து வந்த காற்று இருக்கை உறைகளை லேசாக அசைத்தது. ஜெய்னுலாபுதீன் ஓரடி பின்னால் நகர்ந்து, யாருக்கோ வழிவிட்டார்.

பிரேமகுமாருக்கும் முகம் வெளுத்தது. ஆனால் அவர் பதவியில் இருப்பவர். தொண்டையைச் செருமிக்கொண்டு கைதட்டத் தொடங்கினார்.

"பார்த்தீங்களா? எல்லாரும் இறங்கிப் போறாங்க. இதுதான் எங்க சர்வீஸ். வேற எந்தக் கம்பெனி உங்க வீட்டுச் செத்தவங்களை இவ்வளவு மரியாதையா கதவு திறந்து அனுப்பும்?"

சிலர் கைதட்டினார்கள். ஜெய்னுலாபுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுத்திகரிப்பு வெற்றி என்பதை நிரூபிக்க ஒரு விளம்பர வீடியோ வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி இருந்தால் பார்ப்பவர் மனம் உருகும் என்று பிரேமகுமார் நினைத்தார். மறுநாள் மத்தியானம் லாயாங் லாயாங்குக்கே வந்துவிட்டார். கமலாம்பிகை வரமாட்டேன் என்றாள். அந்தக் கதவோரத்தில் நானே உட்காருகிறேன் ஆன்டி, நீங்கள் எனக்கு உட்பக்கம் உட்காருங்கள் என்றார் அவர். அக்பரும் கனகசபையும் அவளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அவளுக்கு இடப்புறம் பிரேமகுமார். முன்னிருக்கையில் அக்பர் கைபேசியோடு திரும்பி உட்கார்ந்தார். பெல்ட் போட்டால் கோட்டிலிருக்கும் கம்பெனிச் சின்னம் மறைகிறது என்று பிரேமகுமார் அதை அவிழ்த்துவிட்டு, கேமராவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

வேன் தோட்டத்து ரோட்டில் போயிற்று. மேடு வந்தது. கனகசபை பழக்கதோஷத்தில், "ராசா, கொஞ்சம் பொறு" என்றார்.

பிரேமகுமார் அப்போது, தாயின் மடிபோலப் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'டிங்' என்றது. அவர் சாய்ந்திருந்த கதவு அவருக்குப் பின்னால் நழுவிப் போயிற்று. முதலில் தோள் வெளியே போனது, பிறகு தலை. தலைமுடி காற்றில் செம்பனை மட்டைகளை உரசுவதுபோலப் பறந்தது. அவர் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

கழுத்துப் பட்டை விறைத்து நின்றது. அதன் மறுமுனை கமலாம்பிகையின் இடது கையில் இருந்தது. மடங்கிப்போன அந்த விரல்களுக்குள் அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. மடங்கியிருந்ததால்தான் நழுவவில்லை என்று பின்னால் டாக்டர் சொன்னார். அக்பர் கைபேசியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் கோட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். கனகசபை வேனை ஓரங்கட்டினார். கதவு 'டிங்' என்று மூடிக்கொண்டது.

பிறகு பிரேமகுமார், இருக்கையை விட்டு எழாமலே, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

"எல்லா வண்டியிலயும் இதேதான் அங்கிள். கொக்கியில ஒரு ஸ்பிரிங். குலுங்கினா விட்டுடும். போன வருஷமே தெரியும். எல்லா வண்டியையும் ரிப்பேருக்குத் திரும்பக் கூப்பிட்டா கம்பெனி பேரு என்ன ஆகும்?"

அந்த நேரம் பார்த்து ஜொகூர் பாருவிலிருந்து அழைப்பு வந்தது. அவர் எடுத்தார். முதுகு நிமிர்ந்தது. வீடியோ பிரமாதம் என்றும் வாடிக்கையாளர் மிகுந்த திருப்தியில் இருக்கிறார் என்றும் சொல்லி வைத்தார். வைத்துவிட்டு, இப்போது தான் சொன்னது எதுவும் சொல்லப்படவில்லை என்பதை அங்கிள் புரிந்துகொள்ளவேண்டும் என்றார்.

கனகசபை கதவின் கொக்கியைப் பார்த்தார். பிறகு மனைவியின் கையைப் பார்த்தார். பட்டை அறுத்த இடத்தில் தோல் சிவந்திருந்தது. மூன்று தலைமுறையில் முதல் தடவையாக, பதவியில் இருப்பவர் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் முதலில் அவரையே பயமுறுத்தியது. பிறகு கொஞ்சம் காற்று வந்தமாதிரி இருந்தது.

"நீங்க சொன்னது சொல்லேல்ல எண்டே இருக்கட்டும், தம்பி" என்றார். "ஆனா அந்த சீட் நனைஞ்சிருக்கு. அது எப்பிடி நனைஞ்சது எண்டு நான் கம்பெனிக்கு எழுதவேணும். நான் எழுதினா விவரமா எழுதுவன். ரயில்வே பழக்கம்."

பிரேமகுமார் அக்பரின் மேல்சட்டையை இரவல் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அந்த வாரமே வேனை எடுத்துப்போய் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். அக்பர் வேலை முடியும்வரை கூடவே நின்றார். கமலாம்பிகை மறுபடி குளுவாங் போகத் தொடங்கினாள். விரல்கள் இப்போது ஒரு கோப்பையைச் சுற்றி மூடுகின்றன. முதல் நாள் கேட்டடியில் வேன் ஏறி இறங்கியது. மணியோசை இல்லை. கதவு அசையவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அவன் இறங்க ஏலாமப் போச்சு" என்றாள். "இனி எங்களோட வீட்டுக்குத்தான் வரவேணும்."

கனகசபை பின்கண்ணாடியைத் தொடவில்லை. வானம் தெரிகிற மாதிரியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மற்ற பூர்ணாமாக்கள் ஜொகூர் முழுக்க இன்னும் ஓடுகின்றன. காஹாங் பள்ளிக்கூட வாசலில் மாமியார் இறங்குகிறாள். எதிர்க்கடைக்குப் பங்காளி போகிறார். கம்பெனியின் கணக்குப்படி, லாயாங் லாயாங் வேனிலும் கதவுப் பழுது என்று ஒன்று இருந்ததே இல்லை. அதில் சரிசெய்யப்பட்டது இருக்கைத் துணி மட்டும்தான். அதில் பிரேமகுமார் மூத்திரம் போயிருந்தார்.